12-க்கு 18: ஃபிலிமையும் டிஜிட்டலையும் தாளில் வைத்துப் பார்ப்பது

இந்த அத்தியாயத்துக்கு ஒரு ஸ்கேல், வீட்டில் எங்கோ கிடக்கும் ஒரு நெகட்டிவ் துண்டு, ஒரு லூப் ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லூப் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். பழைய கேமராவின் 50 மி.மீ. லென்ஸைக் கழற்றித் திருப்பிக் கண்ணருகே பிடித்தால், ஐந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நல்ல பூதக்கண்ணாடி அது. கடையில் லூப் என்று விற்கும் பிளாஸ்டிக் சாமான்களைவிட மேல்.

இனி கேள்விக்கு வருவோம். கலர் லேபில் நின்ற காலத்தில் வாரம் ஒருவராவது என்னிடம் கேட்டது இது: "அண்ணே, ஃபிலிம் எத்தனை மெகாபிக்சல்ணே?" ஒருவர் 6 என்பார், இன்னொருவர் 20 என்பார், ஃபிலிமை விட்டுக்கொடுக்காத பெரியவர் 40 என்று அடித்துச் சொல்வார். மூவரும் பொய் சொல்லவில்லை. கேள்விதான் பாதியில் நிற்கிறது. எந்த ஃபிலிம், எந்த லென்ஸ், எவ்வளவு பெரிய தாள், அந்தத் தாளை எத்தனை அடி தள்ளி நின்று பார்க்கப்போகிறோம் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் கேள்வி முழுசாகும். ஃபிலிமையும் சென்சாரையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. இரண்டும் ஒரே அளவுத் தாளாக மாறிய பிறகுதான் ஒப்பிட முடியும்.

கண்ணிலிருந்து தொடங்குவோம்

தாளில் எவ்வளவு நுணுக்கம் இருந்தாலும் கண் எடுத்துக்கொள்வது ஓரளவுதான். நல்ல பார்வை உள்ளவர் 25 செ.மீ. தூரத்தில், அதாவது புத்தகம் படிக்கும் தூரத்தில், ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 7 கறுப்புக் கோடுகளையும் அவற்றுக்கு இடையே உள்ள 7 வெள்ளை இடைவெளிகளையும் பிரித்துப் பார்ப்பார். ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்தது ஒரு கோட்டு ஜோடி. இந்த அத்தியாயம் முழுக்க இதுதான் நம் நாணயம். ஒரு ஜோடியைக் காட்டக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். 7 ஜோடி என்றால் மில்லிமீட்டருக்கு 14 பிக்சல், அங்குலத்துக்குச் சுமார் 350. கலர் லேப் இயந்திரங்கள் அங்குலத்துக்கு 300, 320 என்று தாளில் எழுதுவது ஏன் என்று இப்போது புரியும். அதற்கு மேல் எழுதினாலும் கையில் வாங்கிப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. தரமான பிரிண்ட் என்று யாரும் ஒப்புக்கொள்ள 5 ஜோடியே போதும் என்பது என் அனுபவம்.

நாம் மேக்சி என்று சொல்லும் 4-க்கு 6-ஐ எடுங்கள். அங்குலத்துக்கு 300 வீதம் 1,800-க்கு 1,200 பிக்சல். பெருக்கினால் 21.6 லட்சம், 2 மெகாபிக்சலைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். 2000-ஆம் ஆண்டு வாக்கில் வந்த 2, 3 மெகாபிக்சல் கைக்கேமராக்களின் படங்கள் ஆல்பத்தில் ஃபிலிம் படங்களோடு கலந்து ஒட்டப்பட்டபோது யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு இதுதான் காரணம். மேக்சி அளவில் ஜெயித்தவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. அங்கே நேரத்தை வீணாக்காமல் அடுத்த அளவுக்குப் போவோம்.

ஃபிலிமின் பக்கம்

35 மி.மீ. நெகட்டிவில் படம் விழும் இடம் 24-க்கு 36 மி.மீ. ஸ்கேலை வைத்து ஒருமுறை அளந்தே பாருங்கள். இரண்டு தபால்தலை பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரிதான் இருக்கும். இதை 8-க்கு 12 ஆக்கினால் எட்டரை மடங்கு. 12-க்கு 18 ஆக்கினால் 12.7 மடங்கு. 20-க்கு 30 என்றால் 21 மடங்கு. நெகட்டிவில் ஒரு மில்லிமீட்டரில் இருந்த ஜோடிகளை இந்த மடங்கால் வகுத்தால் தாளில் மிஞ்சுவது கிடைக்கும்.

நெகட்டிவில் எத்தனை ஜோடி இருக்கும்? தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் இரண்டு எண்கள் இருக்கும். ஃபியூஜியின் வெல்வியா 50 ஸ்லைடு ஃபிலிமுக்கு 160, 80. கோடாக்கின் டி-மேக்ஸ் 100 கறுப்பு-வெள்ளைக்கு 200, 63. பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஆயிரத்துக்கு ஒன்று என்ற வித்தியாசம் உள்ள சோதனை அட்டையைப் படமெடுத்துக் கண்டது. சாணம் தெளித்த ஈரவாசலில் பச்சரிசி மாவுக் கோலம் பளீரென்று தெரியுமே, அதற்கும் பல மடங்கு மேலான வித்தியாசம் அது. சின்ன எண் 1.6-க்கு 1 என்ற மங்கலான வித்தியாசத்தில் கண்டது. வெள்ளை வேட்டியில் விழும் மடிப்பு, கன்னத்து மயிர்த்துளை, வேப்பிலைக்குப் பின்னால் இன்னொரு வேப்பிலை இவையெல்லாம் இந்தக் கணக்கில் வருபவை. படத்தில் நாம் "தெளிவு" என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தச் சின்ன எண்ணில்தான் இருக்கிறது.

அதோடு முடியவில்லை. ஃபிலிமுக்கு முன்னால் லென்ஸ் இருக்கிறது, லென்ஸுக்கும் ஓர் எல்லை உண்டு. 80 ஜோடி தாங்கும் ஃபிலிமையும் 80 ஜோடி தாங்கும் லென்ஸையும் சேர்த்தால் 80 வராது. புழக்கத்தில் உள்ள ஒரு சூத்திரப்படி 57 வரும். கறாரான இன்னொன்றின்படி 40. பேரம் பேசி 50 என்று வைத்துக்கொள்வோம். இந்த 50-உம் ஸ்டாண்டில் வைத்து, எஃப் 8-இல், கேபிள் ரிலீஸ் போட்டு எடுத்தால்தான். கையில் பிடித்து எடுத்தால் 30 தேறினாலே பாக்கியம். எஃப் 22-க்கு இறுக்கினால் ஒளியே விலகிப் பரவிவிடும். அங்கே எந்த விலைக்கு வாங்கிய லென்ஸும் 70 ஜோடியை ஒட்டிக் கைவிரித்துவிடும்.

"எத்தனை மெகாபிக்சல்" என்ற கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு பதில் சொன்னது எங்கிருந்து என்று இப்போது பாருங்கள். மில்லிமீட்டருக்கு 40 ஜோடி என்றால் 36 மி.மீ. அகலத்துக்கு 2,880 பிக்சல், 24-க்கு 1,920, மொத்தம் 5.5 மெகாபிக்சல். 50 ஜோடி என்றால் 8.6. 80 என்றால் 22. எண்ணைக் கொஞ்சம் ஏற்றினால் மெகாபிக்சல் இருபடியில் ஏறுகிறது. அவரவர் தங்கள் லென்ஸையும் கைநடுக்கத்தையும்தான் எண்ணாகச் சொன்னார்கள்.

சென்சாரின் பக்கம்

டிஜிட்டலில் எண்ணிக்கை சுலபம், ஏனென்றால் கேமரா அட்டையிலேயே எழுதியிருக்கிறது. 2004-இல் வந்த நிக்கான் டி70-இன் படம் 3,008-க்கு 2,000. 2005-இன் கேனான் 5டி 4,368-க்கு 2,912. இன்றைய 24 மெகாபிக்சல் கேமரா 6,000-க்கு 4,000. அகலத்தைத் தாளின் அங்குலத்தால் வகுத்தால் முடிந்தது. டி70-ஐ 12 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 250. 18 அங்குலத்துக்கு விரித்தால் 167.

ஆனால் இதிலும் தள்ளுபடி உண்டு. கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வடிவத்தைத்தான் இன்றும் பெரும்பாலான சென்சார்கள் பின்பற்றுகின்றன. நான்கு பிக்சலில் இரண்டு பச்சையை மட்டும் பார்க்கும், ஒன்று சிவப்பை, ஒன்று நீலத்தை. மற்ற நிறங்களைப் பக்கத்து வீட்டைக் கேட்டுக் கணக்குப்போட்டு நிரப்பும். அதனால் ஒவ்வொரு திசையிலும் ஐந்தில் ஒரு பங்கோ, கால் பங்கோ நுணுக்கம் கழியும். டி70-இன் 18 அங்குல பிரிண்டில் ஏட்டுக் கணக்கு மில்லிமீட்டருக்கு 3.3 ஜோடி; கழிவு போக 2.5. அதே அளவில் நல்ல ஃபிலிம் 50-ஐ 12.7-ஆல் வகுத்து 3.9 ஜோடி தருகிறது.

எண்ணை மட்டும் பார்த்தால் ஃபிலிம் அடித்துப்போட்டுவிட்டது. தாளில் நடந்தது வேறு.

ஒரு வேப்பமரம், இரண்டு தாள்

டி70 கைக்கு வந்த புதிதில் நான் செய்த சோதனையைச் சொல்கிறேன். எங்கள் தெருமுனை வேப்பமரம், அதற்குப் பின்னால் ஒரு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, குறுக்கே மின்கம்பிகள். ஒரே ஸ்டாண்டு, ஒரே காலை வெளிச்சம். ஒரு கேமராவில் ஐஎஸ்ஓ 100 ஸ்லைடு, இன்னொன்றில் 6 மெகாபிக்சல். ஸ்லைடை 4,000 டிபிஐ ஃபிலிம் ஸ்கேனரில் ஸ்கேன் செய்து, இரண்டையும் 12-க்கு 18 போட்டு, பின்புறம் பென்சிலால் சின்னக் குறி மட்டும் இட்டு, கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

அம்மா காப்பி டம்ளரோடு வந்து நின்று பார்த்தார். "இதுதான் பளிச்சுனு இருக்கு" என்று கைகாட்டியது டிஜிட்டலை. மாலையில் எனக்கு இருட்டறை வேலை சொல்லித்தந்த ஸ்டுடியோ அண்ணன் வந்தார். அவர் தூரத்தில் நிற்கவே இல்லை. மூக்குத் தாளில் படுகிற மாதிரி குனிந்து, லூப்பை மரத்தின் மேல் வைத்து, "இலையைப் பாரு தம்பி" என்றார். பார்த்தேன். ஸ்லைடில் வேப்பிலையின் ரம்பப்பல் விளிம்பு அங்கங்கே பிடிபட்டது. டிஜிட்டலில் இலை இருந்தது, பல் இல்லை. கொத்துக் கொத்தாகப் பச்சை பூசியிருந்தது. மின்கம்பியில் வித்தியாசம் இன்னும் துலக்கம். ஸ்லைடில் முறுக்கிய இரண்டு கம்பிகள் தனித்தனியாக ஓடின. டிஜிட்டலில் ஒரே கம்பி, அதுவும் படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டு.

லூப்பைத் தண்ணீர்த் தொட்டிக்கு நகர்த்தினேன். கதை தலைகீழ். ஸ்லைடில் சிமென்ட் பூச்சு முழுக்கக் குருணை குருணையாக, ரவை தூவியது போல. டிஜிட்டலில் பூச்சு பூச்சாகவே இருந்தது, அதில் ஒரு மெல்லிய விரிசல்கூடத் தெரிந்தது. ஸ்லைடில் அதே விரிசல் குருணைக்குள் புதைந்து கிடந்தது. இருக்கிறது என்று தெரிந்த பிறகு தேடினால் மட்டும் கிடைத்தது.

அம்மாவும் சரி, அண்ணனும் சரி. ஃபிலிமின் குருணை சத்தம் மாதிரி. சந்தை இரைச்சலில் உரத்துக் கூவினால் கேட்கும், மெதுவாகச் சொன்னால் கேட்காது. பளீரென்ற வித்தியாசம் உள்ள மின்கம்பியை ஃபிலிம் கடைசி வரை பிடித்துக் காட்டுகிறது. மங்கலான விரிசலைக் குருணையிடம் இழந்துவிடுகிறது. சென்சார் அதற்கு நேர்மாறு. தன் எல்லை வரை சுத்தமாகக் காட்டும், எல்லை வந்ததும் பொத்தென்று நிற்கும். எல்லையைத் தாண்டிய நுணுக்கம் வந்தால் சில சமயம் இல்லாததையும் வரையும். கொசுவலையையோ நெருக்கமாக நெய்த பட்டையோ டிஜிட்டலில் எடுத்தவர்களுக்கு, துணியில் இல்லாத அலையலையான வரிகள் வந்து நின்ற அனுபவம் இருக்கும். ஃபிலிமின் குருணை தாறுமாறாகக் கிடப்பதால் அந்தக் கோளாறு அங்கே வருவதில்லை.

இதை வைத்து என் தீர்ப்பு இது. 12-க்கு 18 அளவில் 6 மெகாபிக்சலும் நல்ல ஐஎஸ்ஓ 100 ஃபிலிமும் சமம். மரம், கோபுரம், கூட்டம் என்றால் ஃபிலிம், முகம் என்றால் டிஜிட்டல். 12 மெகாபிக்சலோடு 5டி வந்ததும் இந்தச் சமநிலை உடைந்தது. கழிவு போக 3.7 ஜோடி, ஃபிலிமின் 3.9-க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது, கூடவே குருணையும் இல்லை. 24 மெகாபிக்சலுக்கு மேல் 35 மி.மீ. கலர் நெகட்டிவை வைத்து பிரிதிறன் பற்றிப் பேசுவது வீண்வேலை. அந்த நிறத்துக்காக, அந்தக் குருணைக்காகவே ஃபிலிமில் எடுப்பவர்கள் எடுக்கட்டும், நானும் எடுக்கிறேன். தெளிவுக்காக என்று சொல்ல வேண்டாம். ஐஎஸ்ஓ 400, 800 ஃபிலிம் என்றால் ஒப்பீடே தேவையில்லை. 8-க்கு 12-லேயே ரவை கண்ணில் குத்தும்.

120 வேறு சாதி

மேலே சொன்னதெல்லாம் 35 மி.மீ. பற்றி. பழைய ஸ்டுடியோக்களின் யாஷிகா-மேட் போன்ற இரட்டைக் கண் கேமராக்களில் ஓடிய 120 ரோலில் ஒரு படத்துக்கு 56-க்கு 56 மி.மீ. இடம். அதே 50 ஜோடிக் கணக்கில் 5,600-க்கு 5,600 பிக்சல், 31 மெகாபிக்சல். 6-க்கு 7 அளவு கேமராவில் சுமார் 38. அந்த 6-க்கு 7-ஐ 16-க்கு 20 தாளுக்குப் பெரிதாக்க 7.3 மடங்கு போதும். தாளில் கிட்டத்தட்ட 7 ஜோடி, கண்ணின் எல்லையையே தொட்டுவிடுகிறது. 35 மி.மீ.-ஐ அதே தாளுக்குக் கொண்டுவர 17 மடங்கு வேண்டும். 4-க்கு 5 அங்குல ஷீட் ஃபிலிமில் அடக்கமாக 40 ஜோடி வைத்தாலே 70 மெகாபிக்சலைத் தாண்டும்.

ஆகவே தாத்தா-பாட்டி காலத்து ஸ்டுடியோ படம் இவ்வளவு நறுக்கென்று இருக்கிறதே, பிறகு எடுத்த கலர் படம் ஏன் சோப்புத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, லென்ஸ் மர்மம் எதுவும் இல்லை என்று சொல்லுங்கள். நெகட்டிவ் பெரிது, பெருக்கம் சிறிது. ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த "இந்து" கறுப்பு-வெள்ளை ரோலில் எடுத்த 120 நெகட்டிவ் வீட்டில் இருந்தால் பீரோவில் பத்திரப்படுத்துங்கள். இதே வீட்டின் எந்தக் கைபேசிப் படத்தோடும் அது தாளில் மல்லுக்கட்டும்.

நடுவில் நிற்கும் ஸ்கேனர்

ஃபிலிமையும் டிஜிட்டலையும் ஒப்பிட்டேன் என்று சொல்பவர்களில் பாதிப்பேர் உண்மையில் ஒப்பிடுவது ஸ்கேனரை. 1992-இல் கோடாக் கொண்டுவந்த ஃபோட்டோ சிடியில் சாதாரண வாடிக்கையாளருக்குக் கிடைத்த மிகப் பெரிய அளவு 3,072-க்கு 2,048 பிக்சல். பத்து, பதினோரு வருஷம் கழித்து வந்த கேனான் 10டி கேமராவின் படமும் அதே 3,072-க்கு 2,048 என்பது வேடிக்கையான பொருத்தம். அந்த சிடியில் இருந்த ஃபிலிம் படத்தையும் 10டி படத்தையும் தட்டில் நிறுத்தினால், ஃபிலிமின் கையைக் கட்டிவிட்டுப் போட்டி வைத்த மாதிரி.

லேபில் ரோல் கழுவும்போது கூடவே தரும் ஸ்கேன் இன்னும் மோசம். ஒருமுறை அவசரத்துக்கு ஒரு லேபில் கொடுத்து வாங்கிய ஸ்கேன்களைத் திறந்து பார்த்தால் அகலம் 1,500 பிக்சல். அதிலும் குருணையை மறைக்க ஷார்ப்பனிங்கை ஏற்றி, முகமெல்லாம் உப்புத்தாள். மேக்சிக்கு அது போதும், 12-க்கு 18-க்கு ஆகாது. கொடுக்கும்போதே "எத்தனை பிக்சல் அகலத்தில் தருவீர்கள்" என்று கேளுங்கள். "ஹை ரெசல்யூஷன்தான் சார்" என்று பதில் வந்தால் திரும்பவும் கேளுங்கள். எண்ணாகச் சொல்லும்வரை பணம் கட்ட வேண்டாம்.

வீட்டு மேசை ஸ்கேனர்களில் 6,400 டிபிஐ என்று பெட்டியில் போட்டிருக்கும். அது ஸ்கேனர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி எடுக்கிறது என்ற கணக்கு மட்டும். கண்ணாடி வழியாக உண்மையில் தேறுவது பாதிக்கும் கீழே. 2,400 தேறினால் நல்ல ஸ்கேனர். 2,400-இல் 35 மி.மீ. சுமார் 3,400-க்கு 2,270 பிக்சல் தரும்; 11 அங்குல அகலத்துக்கு 300 வீதம் கட்டுப்படியாகும். அதே 2,400-இல் 120 நெகட்டிவ் 5,300-க்கு 5,300. 17 அங்குலச் சதுரம் வரை கவலையில்லை. எனவே 120 வைத்திருப்பவர்களுக்கு மேசை ஸ்கேனர் போதும். 35 மி.மீ. வைத்திருப்பவர்கள் 4,000 டிபிஐ ஃபிலிம் ஸ்கேனர் உள்ள இடம் தேடலாம். அல்லது மேக்ரோ லென்ஸ் போட்ட 24 மெகாபிக்சல் கேமராவால் நெகட்டிவையே விளக்குப் பலகையில் வைத்துப் படமெடுக்கலாம். இப்போது நான் செய்வது இரண்டாவதுதான். கேமராவும் நெகட்டிவும் ஒன்றுக்கொன்று மட்டமாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே அதில் சவால். நெகட்டிவ் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து, கேமரா லென்ஸின் பிம்பம் ஃபிரேமின் நடுவில் விழும்படி சரிசெய்தால் மட்டம் வந்துவிடும்.

நெகட்டிவ் தொலைந்து பிரிண்ட் மட்டும் இருந்தால் 600 டிபிஐக்கு மேல் ஸ்கேன் செய்வது வெறும் ஃபைல் வீக்கம். தாளில் இல்லாதது ஸ்கேனில் வராது.

காசு செலவில்லாமல் சோதிப்பது

20-க்கு 30 போடலாமா என்று தெரிந்துகொள்ள 20-க்கு 30 போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. அதன் ஒரு துண்டை மட்டும் மேக்சி தாளில் போட்டால் போதும். 6,000 பிக்சல் படத்தை 30 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 200. ஆக, 6-க்கு 4 அங்குலத் துண்டுக்கு 1,200-க்கு 800 பிக்சல். முகமோ, படத்தில் முக்கியமான இடமோ வரும்படி அந்த அளவுக்கு வெட்டி எடுங்கள். நீங்களே அதை 1,800-க்கு 1,200 ஆகப் பெரிதாக்கி, லேசாக ஷார்ப்பன் செய்து, மேக்சியாகப் போடக் கொடுங்கள். 4,000 டிபிஐ ஃபிலிம் ஸ்கேன் என்றால் துண்டு சுமார் 1,130-க்கு 755. லேபில் "ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம்" என்று சொல்ல மறக்காதீர்கள்; இல்லாவிட்டால் இயந்திரம் தன் இஷ்டத்துக்கு ஷார்ப்பனிங்கை ஏற்றி உங்கள் சோதனையைக் கெடுக்கும்.

வந்த துண்டைச் சுவரில் ஒட்டிவிட்டு, பெரிய படத்தை எத்தனை அடியில் நின்று பார்ப்பீர்களோ அத்தனை அடி தள்ளி நில்லுங்கள். கம்ப்யூட்டர் திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்து மனம் உடைய வேண்டாம். திரையில் அப்படிப் பார்ப்பது 24 மெகாபிக்சல் படத்தை ஐந்தடி அகலத்துக்கு விரித்து மிகப் பக்கத்தில் நின்று குறைசொல்வது போன்றது.

16-க்கு 20 கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 35 மி.மீ.-உம் பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களும் 2-க்கு 3 விகிதம்; 16-க்கு 20 என்பது 4-க்கு 5. பக்கவாட்டில் வெட்டுப்படும். 6,000-இல் 5,000 பிக்சல்தான் தாளுக்கு வரும், ஓரத்தில் நின்ற சித்தப்பா வரமாட்டார்.

தூரம்

தூரம் இரட்டித்தால் தேவை பாதியாகும். அரை மீட்டரில் 3.5 ஜோடி, ஒரு மீட்டரில் 1.75, இரண்டு மீட்டரில் 0.9. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 1950 முதல் 1990 வரை கோடாக் வைத்திருந்த கலராமா படங்கள் 18 அடி உயரம், 60 அடி அகலம். கீழே ரயிலுக்கு ஓடுகிறவர்கள் யாரும் ஏணி போட்டு ஏறிக் குருணை எண்ணவில்லை. நம்மூர் ஃபிளெக்ஸும் அப்படித்தான். சாலைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு அங்குலத்துக்கு 50 பிக்சலே தாராளம். வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் வந்த, நீளம் சுமார் 1,600 பிக்சலே உள்ள படம்கூட மூன்றடி ஃபிளெக்ஸில் தப்பித்துக்கொள்ளும். அதே படம் கையில் வாங்கிப் பார்க்கும் 8-க்கு 12-இல் மாட்டிக்கொள்ளும்.

இந்தத் தூரக் கணக்கு நிஜமாகவே கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. வீட்டில் பெரியவர் ஒருவர் தவறியதும் தனியாக எடுத்த படம் இல்லாமல், கல்யாண குரூப் ஃபோட்டோவிலிருந்து முகத்தைப் பிரித்து மாலைபோட ஃபிரேம் கேட்டு வருவார்கள். நெகட்டிவை வாங்கி ஸ்கேலை வையுங்கள். இருபது பேர் இரண்டு வரிசையாக நின்ற 35 மி.மீ. நெகட்டிவில் ஒரு முகத்தின் உயரம் சுமார் 2 மி.மீ. 10-க்கு 12 ஃபிரேமில் அது 5 அங்குல முகமாக வேண்டும். 63 மடங்கு. 50 ஜோடி நெகட்டிவ் என்றால் தாளில் மிஞ்சுவது 0.8, ஃபிளாஷ் அடித்துக் கையில் பிடித்து எடுத்த 30 ஜோடி நெகட்டிவ் என்றால் அரை ஜோடிகூட இல்லை.

கையில் கொடுத்தால் பார்ப்பவர் முகம் சுருங்கும். ஆனால் அந்தப் படம் மாட்டப்போவது கூடத்தில் நிலைக்கு மேலே, மாலைக்கும் சின்ன பல்புக்கும் நடுவில். ஏழடி தள்ளி நின்றால் 0.8 ஜோடி போதுமானது. மோசமான நெகட்டிவ்கூடப் பன்னிரண்டு அடியில் நின்றால் முகமாகிவிடும். எனவே தைரியமாகப் போடுங்கள். கிளாஸி தாள் வேண்டாம், மேட் தாள் குருணையைக் கொஞ்சம் அமுக்கும். கறுப்பு-வெள்ளையாக்கிவிட்டால் கலர்க் குருணையின் பச்சை-சிவப்புப் பொட்டுகளும் போய்விடும். முகத்தைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கித்தரும் செயலிகளிடம் மட்டும் இந்தப் படத்தைக் கொடுக்காதீர்கள். இருநூறு பிக்சலில் இல்லாத கண்ணிமையை அவை எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டும். வருவது தாத்தா மாதிரி ஒருவர்.

கூடவே அதே முகத்தைப் பாஸ்போர்ட் அளவில் நாலைந்து போட்டுக் கொடுத்துவிடுங்கள். முகம் ஓரங்குலம் என்றால் பெருக்கம் 12.7 மடங்குதான், நம் 12-க்கு 18 கணக்கேதான். அது கையில் வைத்துப் பார்க்கத் தாங்கும். பாட்டி சுருக்குப்பையில் வைத்துக்கொள்ளப்போவது அதைத்தான்.